மலை சரிந்தது, பிறகு வெடித்தது

எரிமலை வெடிப்பதால்தான் மலை சரிகிறது என்று நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள செயின்ட் ஹெலன்ஸ் மலையில் 1980-ஆம் ஆண்டு நடந்தவற்றை வரிசையாகப் படித்தபோதுதான், அங்கே முந்தியது சரிவு என்பது விளங்கியது.

அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே நிலம் அதிரத் தொடங்கியிருந்தது. மேலேறிய கற்குழம்பு உச்சியைத் துளைத்து வெளிவராமல் மலையின் வயிற்றிலேயே தேங்கியதால், வடக்குச் சரிவு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வீதம் வெளித்தள்ளி, மே மாத நடுவில் 100 மீட்டருக்கு மேல் புடைத்து நின்றது. மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8:32 மணிக்கு 5.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சில நொடிகளில் அந்தப் பக்கம் முழுவதும் பெயர்ந்து இறங்கியது. சுமார் இரண்டரை கன கிலோமீட்டர் பாறையும் பனியும்.

கோலி சோடா குடித்தவர்களுக்கு அடுத்து நடந்ததை விளக்க வேண்டியதில்லை. கோலி அடைத்திருக்கும்வரை வாயு நீரில் கரைந்தே கிடக்கும், குமிழ்கூடத் தெரியாது. கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளிய கணமே நுரை பொங்கும். கற்குழம்பிலும் நீராவியும் பிற வாயுக்களும் அழுத்தத்தால் அப்படித்தான் கரைந்திருக்கின்றன. மேலிருந்த பாரம் நழுவியதும் அவை ஒருசேரக் குமிழாகிப் பக்கவாட்டில் வெடித்தன. சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு பாழாயிற்று, 57 பேர் இறந்தனர். பத்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து மலையைக் கண்காணித்த டேவிட் ஜான்ஸ்டன் என்ற எரிமலை அறிஞரும் அவர்களுள் ஒருவர்.

நிலநடுக்கமே காரணம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஆயிரக்கணக்கான நடுக்கங்களை அதே மலை தாங்கியிருந்தது. நாள்தோறும் செங்குத்தாகிக்கொண்டே வந்த சரிவுக்கு அன்றைய அதிர்வு கட்டைவிரல் மட்டுமே என்பது என் கருத்து.

அந்தக் கட்டைவிரலும் எப்போதும் தேவைப்படுவதில்லை. 2004-க்குப் பிறகு சுனாமி என்றாலே நமக்குக் கடலடி நிலநடுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. 2018 டிசம்பர் 22 இரவு, இந்தோனேசியாவின் அனாக் கிரகட்டாவ் எரிமலையின் தென்மேற்குப் பக்கம், பெரிய நிலநடுக்கம் எதுவுமின்றியே கடலுக்குள் சரிந்தது. நிலநடுக்கத்தை நம்பியே அமைக்கப்பட்டிருந்த எச்சரிக்கை ஏற்பாடு ஒலிக்கவில்லை. ஜாவா, சுமத்ரா கரைகளில் 400-க்கும் மேற்பட்டோரை அலை கொண்டுபோயிற்று. சில நாள் கழித்து அளந்தபோது, 338 மீட்டர் உயரமிருந்த மலை 110 மீட்டராகக் குறைந்திருந்தது.