அரிசி ஆலைக் கணக்கரின் பதவி உயர்வு

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நாள்வழியும் பேரேடும் கையால் எழுதிவந்த நான், நாற்பத்தைந்து வயதைக் கடந்த பின் அதே ஆலையின் கணக்குப் பிரிவு மேலாளரானேன். எப்படி முடிந்தது என்று என் வயதொத்தவர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அமலுக்கு வந்ததும், டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்த இளைஞர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. ஆனால், குறுவை அறுவடையில் மழை பிடித்தால் நெல் எவ்வளவு ஈரத்தோடு வரும், அரவையில் குருணை எந்த அளவுக்குக் கூடும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். ஆகவே, அந்த அனுபவத்தைக் கணினியில் ஏற்றுவதற்காகவே கணினியைப் படிப்பது என்று முடிவு செய்தேன்.

மாலை வகுப்பில் டாலி படித்தேன். எக்செல் கற்றுக்கொடுத்தவர் என் மகன் வயதுடைய சக ஊழியர். அவரிடம் சந்தேகம் கேட்க நான் கூச்சப்படவில்லை. முதலில் தயாரித்தது ஓர் அரவைக் கணக்கு: ஒரு பக்கம் லாரிவாரியாக நெல்லின் எடையும் ஈரப்பதமும், எதிரே அந்த நெல்லிலிருந்து கிடைத்த அரிசி, குருணை, தவிடு, உமி. ஆண்டு முடிவில் இருப்பு எடுக்கும்போது மட்டுமே தெரிந்துவந்த சேதாரம், ஒவ்வோர் அரவைக்கும் மறுநாளே முதலாளியின் மேசைக்குப் போனது.

2022 ஜூலை 18 முதல், பதிவு பெற்ற பிராண்டு இல்லாவிட்டாலும், முன்பே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 5 சதவீத வரி வந்தது. பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. நாமும் மாறலாமா என்று முதலாளி கேட்டபோது, எந்த ஊர்க் கடைக்கு எந்த எடைப் பை எவ்வளவு போகிறது, வரி சேர்ந்தால் கிலோவுக்கு விலை எவ்வளவு ஏறும் என்ற பட்டியல் என்னிடம் தயாராக இருந்தது. அதை வைத்தே மூட்டை எடையை முடிவு செய்தார்கள்.

அதன் பிறகு, நான் பார்த்துவரும் வேலைகளையும் ஏற்க விரும்பும் பொறுப்புகளையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, மேலாளர் பதவியை நேரடியாகக் கேட்டேன். குடும்ப நிறுவனங்களில் பல்லாண்டு உழைத்த நம்மில் பலர், முதலாளியே பார்த்துச் செய்வார் என்று காத்திருந்தே காலத்தைக் கழித்துவிடுகிறோம்; புதிய மென்பொருளைக் கற்பதைவிட இந்தத் தயக்கத்தை விடுவதே கடினம் என்பது என் கருத்து. சம்பா அரவை முடியும்வரை பொறுப்பைப் பாருங்கள் என்றார் முதலாளி. கணக்கு முடித்த பின் பதவியை உறுதி செய்தார். தற்போது வங்கிக் கடனுக்கான மாதாந்திர இருப்பு அறிக்கையைத் தயாரிக்க ஆடிட்டரிடம் கற்றுவருகிறேன்.