பங்குனி ஆமையின் முட்டையைத் திருப்பக் கூடாது

விலங்குப் பைத்தியம் பிடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு சென்னையில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு பிரிட்டிஷ் இயற்கையியலாளரும் எழுத்தாளருமான ஜெரால்ட் டரலில் தொடங்குவது என் வழக்கம். 1925இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, குடும்பம் இங்கிலாந்து போய், 1935இல் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் குடியேறியது. 1939இல் போர் நெருங்கும்வரை அங்கேதான். பத்து வயதிலிருந்து பதினான்கு வரை ஒழுங்கான பள்ளிக்கூடம் கிடையாது. ஆமை, பல்லி, கும்பிடுபூச்சி, ஆந்தை என்று நாள் முழுக்க வெளியில். அந்தப் பையன்தான் 1959இல் ஜெர்சி தீவில் ஒரு விலங்குக் காட்சியகம் தொடங்கினார். அருகி வரும் உயிரினங்களை இனப்பெருக்கம் செய்யவைத்துக் காட்டுக்கே திருப்பி அனுப்புவதுதான் நோக்கம். 1963இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் வந்தது.

இதைக் கேட்டதும் "நமக்கு ஏது தீவு?" என்பார்கள். தீவு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி தியோடர் ஸ்டெஃபனிடிஸ் என்ற மருத்துவர். குளத்து உயிரிகளை ஆராய்ந்தவர், கவிதையும் எழுதுவார். (இவர் பிறந்தது பம்பாயில், 1896இல். இரண்டு பேருமே இந்தியாவில் பிறந்தவர்கள் என்பது கொசுறு.) சிறுவன் கேட்டதற்கெல்லாம் பெரியவர்களுக்குச் சொல்வதுபோலவே பதில் சொன்னவர். அப்படிப்பட்ட ஆட்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரியில் கடலாமை முட்டைகளைத் தேடி நீலாங்கரை மணலில் நடந்துகொண்டிருப்பார்கள்.

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய ஆட்களும் இந்தக் கரையில் ஆமை முட்டைகளைத் தேடி நடக்கத் தொடங்கினார்கள். 1988இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு நடக்கிறது. பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். பத்து வயதுக்குக் கீழே கூட்டிப்போகாதீர்கள், பாதி வழியில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும். கருநிற உடை, தண்ணீர், மணலில் கழற்றி மாட்ட வசதியான செருப்பு போதும். வெள்ளை டார்ச்சும் ஃபிளாஷும் கூடவே கூடாது. ஆமையைப் பார்க்காமலே விடியும் இரவுகள்தான் அதிகம் என்று கிளம்பும்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

முதலில் கண்ணில் படுவது தடம். இந்தக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றும், அதனால் தடம் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். பேராமை (பச்சைக் கடலாமை) இரு பக்கத் துடுப்புகளையும் ஒரே நேரத்தில் ஊன்றும், தடம் இரு புறமும் ஒத்திருக்கும், அகலமும் கூடுதல். கடலிலிருந்து ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேருமிடத்தில் மணல் கலைந்து கிடக்கும். கலைந்த இடமே இல்லாவிட்டால், நாயையோ வெளிச்சத்தையோ கண்டு மிரண்டு முட்டையிடாமல் திரும்பிவிட்டது என்று பொருள்.

கலைந்த மணலில் கூட்டின் வாய் எங்கே என்பதுதான் சிக்கல். முட்டையிட்ட பின் ஆமை உடம்பை இடமும் வலமுமாக ஆட்டித் தட்டி மணலை இறுக்கிவிட்டுப் போகும். ஒரு கம்பை மெல்ல ஊன்றிப் பார்ப்பார்கள். கெட்டி மணலில் கம்பு நிற்கும், கூட்டின் கழுத்தில் சட்டென்று இறங்கும். அந்த இடத்தில் கை அழுத்தத்தை உடனே விட வேண்டும், இல்லாவிட்டால் மேல் முட்டை உடையும். பழகாதவர்கள் கம்பைத் தொடாமலிருப்பதே நல்லது. பிறகு தோண்டுவது முழுக்கக் கையால். கூடு ஒரு குடம் மாதிரி, மேலே குறுகலாகவும் அடியில் விரிந்தும், ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும். உள்ளே பொதுவாக 100 முதல் 120 முட்டை.

நாயும் தெருவிளக்கும் இருக்கும் கரையில் கூட்டை அப்படியே விட முடியாது. ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்துகொண்டு, முட்டைகளை எண்ணித் துணிப்பையில் வைத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே அளவில் குழி எடுத்துப் புதைக்க வேண்டும். அதுவும் இட்ட சில மணி நேரத்துக்குள். அதற்கு மேல் போனால் கரு ஓட்டின் மேற்புற உட்பக்கத்தில் ஒட்டத் தொடங்கும். அப்போது முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ சவ்வு கிழிந்து கரு செத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐம்பது நாள் காத்திருந்து தோண்டினால் பொரியாத முட்டைகள்தான் கிடைக்கும். முட்டைப்பையை மோட்டார் பைக்கில் எடுத்துப் போகாமல் கையில் தூக்கியே நடப்பதற்குக் காரணம் இதுதான்.

கோழி அடைகாப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். பறவை முட்டையைத் திருப்பாவிட்டால்தான் கெடும். பறவையிடம் இன்னொரு தந்திரமும் பலிக்கும், டரலின் அறக்கட்டளை துணைநின்ற மொரீஷியஸ் வல்லூறுத் திட்டத்தில் நடந்தது அது. 1974இல் காட்டில் இருப்பதாகத் தெரிந்தவை நான்கே பறவைகள். கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளர் முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரித்தார். கூடு காலியானதால் தாய்ப்பறவை மறுபடி முட்டையிட்டது. பங்குனி ஆமையிடம் இந்தத் தந்திரம் பலிக்காது, கூடு என்ன ஆனது என்று அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. முட்டை என்ற பொதுப்பெயரை நம்பி ஓர் உயிரினத்துக்கான முறையை இன்னொன்றுக்குப் போட முடியாது.

பொரிப்பகம் அலை ஏறும் கோட்டுக்கு மேலே, சுற்றிலும் வேலியோடு இருக்கும். ஒவ்வொரு கூட்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விட வேண்டும், நெருக்கினால் வளரும் கருக்களின் சூடு ஒன்றோடொன்று சேரும். ஒரே இடத்தில் வருடா வருடம் போட்டால் பழைய ஓடுகளால் மணலில் பூஞ்சையும் எறும்பும் சேரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு: ஏறினால் பெண், குறைந்தால் ஆண். சித்திரை வெயிலில் இன்னும் ஏறினால் இரண்டும் இல்லை, முட்டை வெந்துபோகும். அதனால் கடைசியில் வரும் கூடுகளுக்கு நிழல்வலை கட்டுவதுண்டு. இத்தனையும் கையை வைத்துக் கெடுக்கக்கூடிய இடங்கள். நாயும் தெருவிளக்கும் இல்லாத கரையில் கூட்டை இருந்த இடத்திலேயே விடுவதுதான் முதல் தேர்வு. சென்னையில் அப்படிப்பட்ட கரை அதிகம் இல்லை.

சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மேலே வரும். தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்துக் காட்டுவது பெரிய தவறு. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் ஆழ்கடல் வரை நீந்துவதற்கான சாப்பாடு, அதைத் தொட்டியிலேயே நீந்தித் தீர்த்துவிடும். நேராகத் தண்ணீரில் விடாமல் மணலில் ஊர்ந்து போக விடுவார்கள். பின்னால் நின்று பாருங்கள். குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும் பிராணி, உங்கள் செல்போன் திரையும் அதற்கு வெளிச்சம்தான்.

டரலிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாததும் ஒன்று உண்டு: கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவது. இங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையோ பச்சைக்கிளியோ வளர்ப்பது குற்றம். பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கரணையோ பெசன்ட் நகரோ, ஒரே இடம், மாதம் இரண்டு முறை. தேதி, நேரம், பார்த்தது எத்தனை. பறவை என்றால் குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம், பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. மூன்று மாதத்தில் சலித்துப்போகும் பிள்ளைகளும் உண்டு, விட்டுவிடலாம்.

நடையில் செத்த ஆமையையும் பார்க்க வேண்டிவரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பிள்ளை காரணம் கேட்கும், மழுப்பாமல் சொல்லுங்கள். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கி நெடுநேரம் இழுபட்டால் மூழ்கிச் சாகும். கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களை மனத்தில் வைத்துப் போட்டது. ஆமை கரைக்கு வருவது அதற்கு முந்தைய மூன்று மாதங்களில். அந்த மாதங்களில் கரையோரம் இழுவலை வராமல் பார்ப்பதும், வலையில் ஆமை வெளியேறும் கருவியைப் பொருத்தவைப்பதும்தான் வழி. இரண்டும் மணலில் நடப்பவர்கள் கையில் இல்லை.