திங்கட்கிழமை ஆன சனிக்கிழமைகள்

மழை விடுமுறைக்கு ஈடாக வரும் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்பது அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் மாலை தகவல் வரும்: நாளை முழு வேலைநாள், திங்கட்கிழமைப் பாடவேளையைப் பின்பற்றவும். வேலூர் மாவட்டம் குடியாத்தம் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நீண்ட காலம் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். திங்கட்கிழமை முதல் பாடவேளை பெரும்பாலும் எட்டாம் வகுப்புக் கணக்காகவே அமைந்துவிடும். ஆகவே எந்தச் சனிக்கிழமை திங்கட்கிழமையாக மாறினாலும் முதலில் மாட்டிக்கொள்பவள் நான்தான்.

நாற்பத்திரண்டு பேர் இருக்கும் வகுப்பில் பதினேழு தலைகள் தெரியும். உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்று முடிவு செய்ய, சத்துணவு அமைப்பாளர் வாசலில் நின்று அந்தத் தலைகளை எண்ணிவிட்டுப் போவார். புதுப் பாடம் தொடங்கினால் உண்மையான திங்கட்கிழமை அதையே மறுபடியும் நடத்த வேண்டும். தொடங்காவிட்டால் நடந்து வந்த பதினேழு பேருக்கும் வந்தது வீண். நான் பயிற்சிக் கணக்குகளைக் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவைக் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் ஏற்றிக்கொண்டிருப்பேன். அதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன்.

விடுமுறை விடும் முறையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முன், வேலூர் மாவட்டம் அரக்கோணத்திலிருந்து நாட்றம்பள்ளி வரை நீண்டு கிடந்தது. கிழக்கே புயல் மழை கொட்டினால் மேற்கே சுள்ளென்று வெயில் அடிக்கும் ஊருக்கும் சேர்த்தே சில சமயம் விடுமுறை வந்துவிடும். பிள்ளைகள் காய்ந்த மைதானத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த வெயில் நாளுக்கும் பிறகு ஒரு சனிக்கிழமையைக் கட்டியாக வேண்டும்.

கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பது தலைமையாசிரியருக்கு மனப்பாடம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், 800 மணி நேரம் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். எங்கள் தலைமையாசிரியர் டிசம்பர் பிறந்தாலே நாட்காட்டியைச் சிவப்பு மையால் கிழித்துவிடுவார். குறையும் நாளைச் சனிக்கிழமைகளில் தேடுவார். அந்தச் சனிக்கிழமைகளில் பாதி, ஆசிரியர்களான எங்களுக்கு நடக்கும் குறுவள மையப் பயிற்சிக்குப் போய்விட்டிருக்கும்.

பாஸ்டன் அருகே இருக்கும் என் தங்கை 2015 ஜூனில் பேசும்போது, "இன்னும் பள்ளி முடியவில்லை அக்கா, பனிக்கு விட்ட லீவையெல்லாம் கடைசியில் சேர்த்துவிட்டார்கள்" என்றாள். அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனில் 110 அங்குலம் பனி பெய்தது. அதுவரை அந்த நகரம் அவ்வளவு பனியைப் பதிவு செய்ததில்லை. அவர்கள் மாநிலமான மாசச்சூசெட்ஸில் பள்ளி 180 நாள் நடந்தாக வேண்டும். திட்டமிடும்போதே 185 நாளுக்குப் போட்டுவைப்பார்கள். பனி அந்த ஐந்தையும் விழுங்கினால் ஜூனில் நீட்டிக்கொள்வார்கள். கேட்கப் பொறாமையாக இருந்தது. முன்கூட்டியே ஐந்து நாளை மழைக்கென்று எடுத்துவைக்கும் பழக்கம் நமக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பதோ எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

கடைசியில் நீட்டவும் வேலூரில் வழியில்லை. மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். எங்கள் வகுப்பறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பதினொரு மணிக்கே சுண்ணாம்புக்கட்டி கையில் வழுக்கும். வெயில் மறுமுனையையும் கடிக்கிறது. 2023இல் ஜூன் முதல் வாரத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலால் முதலில் 7ஆம் தேதிக்குத் தள்ளிப்போயின. பிறகு பெரிய வகுப்புகளுக்கு 12, சிறிய வகுப்புகளுக்கு 14 என்று ஆனது.

ஒரு முறை நீட்டித்தும் பார்த்துவிட்டோம். கொரோனாவுக்குப் பின் 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரை திறந்தார்கள். மூன்று நாளில் தீபாவளி. அது முடிந்ததும் மழை. அந்த மாதம்தான் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மணல் அள்ளிய குழிகளை மட்டுமே ஆறு என்று அறிந்திருந்த பிள்ளைகள் பாலத்தில் நின்று வாய்பிளந்து பார்த்தார்கள். சுழற்சி முறையில் பாதிப் பேர், அதிலும் மழை விடுமுறை. பாடத்தைக் குறைத்தும் ஆண்டு முடியவில்லை. 2022 மே 13 வரை ஆண்டுத் தேர்வு நடந்தது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தெருவெல்லாம் பந்தல் எழும்பிக்கொண்டிருக்க, பிள்ளைகள் வியர்வையில் ஒட்டிய விடைத்தாளில் என்ன எழுதியிருப்பார்கள் என்பதைத் திருத்திய எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது வேறு. மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வரும், தரைப்பாலங்கள் மூழ்கும். மழை நின்று, வெயில் அடித்து, பள்ளி திறந்த பிறகும் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அக்கரையிலிருந்து என் வகுப்புக்கு வர வேண்டியவர்கள் எட்டுப் பேர். ஓர் ஆண்டு பதினொரு நாள் அவர்கள் வரவில்லை. ஆவணப்படி அவை முழு வேலைநாட்கள். அவற்றுக்கு ஈடாக எந்தச் சனிக்கிழமையும் கிடையாது. நானோ அந்தப் பதினொரு நாளில், பாடம் முடிய வேண்டும் என்ற பயத்தில், காரணிப்படுத்துதல் என்ற கணக்குப் பாடத்தை முழுவதும் நடத்தி முடித்துவிட்டேன்.

பொருளாதாரம் படிக்கும் தங்கை மகன் சென்ற ஆண்டு ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னான். ஜோஷுவா குட்மன் என்பவர் மாசச்சூசெட்ஸ் மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து 2014இல் வெளியிட்டது. பனிக்காகப் பள்ளியை மொத்தமாக மூடிய நாட்கள் மதிப்பெண்ணைப் பாதித்ததாகத் தெரியவில்லையாம். பள்ளி நடக்கும்போது தனித்தனியாக வராமல் போன நாட்கள்தான் பாதித்தன. எல்லோருக்கும் ஒரே பாடம் விட்டுப்போனால் ஆசிரியர் சமாளித்துவிடுவார், ஆளுக்கொரு பாடம் விட்டுப்போனால் திணறிவிடுவார் என்பது அவர் தரும் விளக்கம். மேரிலாந்தில் அதற்கு முன் நடந்த ஆய்வு ஒன்று, பனி மிகுந்த ஆண்டுகளில் தேர்ச்சி குறைந்ததாகக் கண்டது என்றும் அவனே சொன்னான். எது சரி என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த எட்டுப் பேரின் முகம்தான் வந்தது.

தண்ணீர் வடிந்து அவர்கள் வந்தார்கள். அதில் ஒரு பெண் தோழியின் நோட்டைப் பார்த்து எல்லாக் கணக்கையும் முத்து முத்தாக எழுதிவைத்திருந்தாள். ஒன்றைக் கரும்பலகையில் போடச் சொன்னபோது சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை ஈடுசெய்யும் வேலைநாள் வருகிறது, அன்றைக்கு உங்களுக்கு முதலிலிருந்து சொல்லித் தருகிறேன் என்றேன். சனிக்கிழமை அவள் வரவில்லை. எட்டில் வந்தவர்கள் இரண்டு பேர்.

திங்கட்கிழமை கேட்டேன். "மழையில் ஒரு வாரம் பீடி சுற்ற முடியவில்லை டீச்சர். விட்டதைச் சனி, ஞாயிறில் ஈடுகட்ட வேண்டும் என்று அம்மா சொன்னார். நான் இலை வெட்டிக் கொடுத்தேன்" என்றாள். கைவிரல் நுனியைத் தாவணி மடிப்பில் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஈடு: சனிக்கிழமைக்கான சுற்றறிக்கையில் இருந்த அதே சொல்.

அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த எட்டுப் பேரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். மணி அடிக்க அரைமணி நேரம்தான் இருக்கும். அதில் பத்து நிமிடம் தட்டு கழுவுவதற்குப் போய்விடும். பொங்கல் விடுமுறைக்குள் ஆறு பேருக்குக் காரணிப்படுத்த வந்துவிட்டது. அவளுக்கு வந்தது. இரண்டு பையன்களுக்கு வரவில்லை.