தினம் ஒரு படம், 34-லிருந்து

பிப்ரவரி 3 (படம் 34)

அப்பா சட்டைக்குப் பட்டன் போடுகிறார். ஜன்னலிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறார், வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து. வெள்ளைச் சட்டை மறுபடியும் சாம்பலாக விழுந்துவிட்டது. கேமராவின் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு எல்லாம் ஒன்றுதான். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை என்றால் நாம்தான் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வைக்க வேண்டும். ஜனவரி முழுக்க இதைத்தான் படித்தேன், இன்றைக்கும் மறந்துபோனேன்.

மூன்றாவது பட்டனில் நின்றுவிட்டார். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். பதினோரு படங்கள். பதினோராவதிலும் அதே பட்டன்தான்.

பிப்ரவரி 4 (35)

கட்டிலுக்கு அடியிலிருந்து நீளும் குட்டியின் கால்கள். இன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 6 (37)

குட்டி கட்டிலிலிருந்து குதிப்பதை எடுக்கப் பார்த்தேன். ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால் முகம் இழுபட்டுப் போகிறது. 1/500-க்குப் போனால் உறைந்து நிற்கிறாள், ஆனால் அறை இருட்டிவிடுகிறது. அப்பர்ச்சரை, லென்ஸின் துளையை, 1.8 வரைக்கும் திறந்தாயிற்று, அதற்கு மேல் இந்த லென்ஸில் இடமில்லை. வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றியதும் வெளிச்சம் வந்தது, கூடவே மணல் தூவினாற்போல் புள்ளிகளும் வந்தன. மூன்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

முப்பது தடவை குதித்தாள். "இன்னும் வேணுமாம்மா?" என்று கேட்டுக் கேட்டுக் குதித்தாள். இருபத்தாறாவதை வைத்துக்கொண்டேன். இரண்டு காலும் தரையில் இல்லை, தலைமுடி மட்டும் இன்னும் மேலேயே இருக்கிறது. புள்ளிகள் இருந்தால் இருக்கட்டும். இந்த வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான்.

பிப்ரவரி 8 (39)

ஞாயிறு, எல்லாரும் வீட்டில். அப்பா, இவர், குட்டி மூன்று பேரையும் சோபாவில் உட்கார வைத்து எடுத்தேன். 1.8-லேயே விட்டிருந்ததால் முன்னால் சாய்ந்திருந்த குட்டி மட்டும் தெளிவு, பின்னால் இரண்டு பேரும் மசங்கல். துளையைச் சுருக்கி எஃப் 5.6-க்கு மாற்றித் திரும்பக் கூப்பிடுவதற்குள் இவர் எழுந்து போய்விட்டார். அம்மா வழக்கம்போல் கதவுக்குப் பின்னால். "என்னை எடுக்காதே." 39 நாளில் அம்மா ஒன்றில்கூட முழுசாக இல்லை. ஒரு முழங்கை, கண்ணாடியில் ஒரு முதுகு, அவ்வளவுதான்.

பிப்ரவரி 10 (41)

அப்பாவை டாக்டரிடம் காட்ட மார்ச் 12-க்குத்தான் தேதி கிடைத்தது. முப்பது நாள்.

படம்: தொலைபேசிக்குப் பக்கத்தில் நான் எழுதிய தேதி. கோணலாக இருக்கிறது.

பிப்ரவரி 13 (44)

ஒன்று கவனித்தேன். சரிதானா என்று பார்க்க 1-லிருந்து எல்லாவற்றையும் திரையில் ஓடவிட்டேன். அப்பா இருக்கும் படங்கள் பத்தொன்பது. பட்டன் போடும்போது, செருப்பு மாட்டும்போது, குட்டிக்குப் பென்சில் சீவிக் கொடுக்கும்போது எல்லாம் இடது கை தெளிவாக விழுந்திருக்கிறது. மெதுவாகச் செய்கிறார், ஆனால் கை கலையவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் படங்களில்தான், மடியில் இருக்கும் இடது கை மங்கலாக இருக்கிறது. முகம் தெளிவு, கண்ணாடியின் சட்டம் தெளிவு, வலது கை தெளிவு. இடது கை மட்டும் புகை.

இத்தனை நாளும் அதை என் தவறு என்று நினைத்தேன். 1/30-ல் கேமராவைப் பிடித்த என் கைதான் ஆடிவிட்டது என்று. ஜனவரி 17-ம் தேதி குறிப்பேட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்: "கையை ஆடாமல் பிடி. 50 எம்எம் லென்ஸுக்கு 1/80-க்குக் கீழே போகாதே." நான் ஆடியிருந்தால் படம் முழுக்க ஆடியிருக்கும். சோபாவின் தையல்கூட எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.

இடது கை மட்டும்.

பிப்ரவரி 14 (45)

தூங்கவில்லை. படம்: இருட்டு ஜன்னல்.

பிப்ரவரி 15 (46)

பழைய ஆல்பங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குட்டியும் கூட உட்கார்ந்தாள், அவளுக்கு நான் குழந்தையாக இருக்கும் படங்கள்தான் வேண்டும். எனக்கு வேண்டியது கடைசி ஆல்பம்.

போன வருஷப் படங்கள் ஒன்பதில் அப்பா நிற்கிறார். எட்டில் இடது கை கால்சட்டைப் பாக்கெட்டுக்குள். ஒன்பதாவதில் அதை வலது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்தைய வருஷம் ஒன்றில்கூட அப்படி இல்லை. அதிலெல்லாம் கை அதன் பாட்டுக்குத் தொங்குகிறது, ஒன்றில் என் தோளில் இருக்கிறது.

இந்த ஒன்பதில் ஐந்து நான் எடுத்தவை. ஃபோனில்தான் எடுத்தேன், ஆனாலும் நான் எடுத்தவை. "அப்பா, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி எடுத்தவை.

அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும். பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கோங்கன்னு சொன்னதே நான்தான்" என்றாள்.

பிப்ரவரி 17

எடுக்கவில்லை. 48 காலியாகவே இருக்கட்டும், பிறகு எதையும் வைத்து நிரப்பப் போவதில்லை.

பிப்ரவரி 19 (50)

கேமராவை மேஜை மேல் வைத்து, ஷட்டரை 1/4-ல் விட்டு எடுத்தேன். அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். நான் நினைத்தது வெறும் புகையாக இருக்கும் என்று. அப்படி இல்லை. ஆட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் விரல்கள் கொஞ்சம் கெட்டியாகத் தெரிகின்றன, நடுவில்தான் கரைந்திருக்கிறது. கை மேலே போய்த் திரும்பும்போதும், கீழே வந்து திரும்பும்போதும் ஒரு நொடித்துளி நிற்கிறதல்லவா, அந்த நிற்றல் பதிவாகிவிடுகிறது. ஒரே கை இரண்டு இடத்தில் இருக்கிறது. மேல் கையில் மோதிரம் தெரிகிறது, கீழ்க் கையிலும் தெரிகிறது.

எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கணக்கில்லை. அழகாக இருக்கிறது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் இருக்கிறது.

பிப்ரவரி 20 (51)

அண்ணனுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. கேமரா அவன் விட்டுவிட்டுப் போனதுதான் என்பதால் வாரா வாரம் ஏழு படம் அனுப்புவது வழக்கம். நேற்றையதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். உடனே கூப்பிட்டான்.

"இதை ஏன் எடுத்தே? அப்பா இப்படியா இருக்கார்? நீ படம் எடுத்துப் பழக அவர்தான் கிடைச்சாரா?"

பதில் சொல்ல வரவில்லை. 1/500-ல் எடுத்திருந்தால் அந்தக் கை கல்லில் செதுக்கினதுபோல் நின்றிருக்கும். பார்க்கிறவர்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதானே பொய்? ஆனால் 1/4-ம் நானாகத் தேர்ந்தெடுத்த எண்தான். இந்த அறையில் இந்த வெளிச்சத்துக்கு எந்த எண்ணை வைத்தாலும் அது என் முடிவுதான், கேமரா என்னைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை. அப்பாவைக் கேட்காமல் எடுத்தேன். அங்கேதான் உறுத்துகிறது. படத்தைவிட அதுதான். குட்டியைக்கூடக் கேட்டுத்தான் எடுக்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், அது அவளுக்கும் எனக்கும் ஜனவரியிலிருந்தே பேச்சு. அப்பாவிடம் அப்படி ஒரு பேச்சு வைத்துக்கொள்ள ஏன் தோன்றவில்லை? கேட்டால் கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்பதாலா?

அழித்துவிடலாம் என்று எடுத்தேன். முடியவில்லை. இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டு வைத்தேன்.

படம் 51: காய்கிற துணிகள். சும்மா.

பிப்ரவரி 22 (53)

ஜேமி லிவிங்ஸ்டன் என்று நியூயார்க்கில் ஒருவர். 1979 மார்ச் 31-ல் ஆரம்பித்து தினம் ஒரு போலராய்டு எடுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. பதினெட்டு வருஷம். கடைசிப் படம் 1997 அக்டோபர் 25, அவர் இறந்த நாள், அவருடைய 41-வது பிறந்தநாள். நண்பர்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். 1980 வரை பார்த்தேன். மேஜைகள், நண்பர்கள், தெருக்கள். கடைசி மாதத்துக்கு நேராகப் போய்விடலாம், ஒரு தட்டுதான். திரையை அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23 (54)

குட்டியின் பல் விழுந்தது. வாயைத் திறந்து காட்டினாள், ஃபோகஸ் மூக்கில் விழுந்துவிட்டது. பரவாயில்லை, பல் இன்னும் நிறைய இருக்கிறது.

பிப்ரவரி 25 (56)

அப்பாவிடம் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்: கேட்காமல் எடுத்தது, அண்ணனுக்கு அனுப்பியது, அவன் திட்டியது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு, "எவ்வளவு நேரம் திறந்திருந்தது?" என்றார்.

"கால் நொடிப்பா."

"கால் நொடியில ஒரு தடவை போய்ட்டு வந்துடுச்சு." வலது கை விரலால் மேஜையில் தட்டிக்கொண்டே ஏதோ கணக்குப் போட்டார். "நொடிக்கு நாலோ அஞ்சோ. சரியா சொல்ல முடியாது. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு பாரு. கையை இழுக்க முடியாது, கேமராவை இழு."

முப்பத்தோரு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். வரைபலகையில் பென்சில் ஒரே இடத்தில் மேலும் கீழும் ஆட, தாள் நகர்ந்தால் என்ன ஆகும் என்று தாளில் போட்டே காட்டினார். எனக்கு இரவு வரைக்கும் பிடிபடவில்லை, படுத்த பிறகுதான் புரிந்தது.

பிப்ரவரி 27 (58)

செய்து பார்த்தோம்.

குட்டியின் விளையாட்டு மோதிரம் ஒன்று, அழுத்தினால் எரியும். அதை அப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் மாட்டினோம். கை மடியில். கேமரா முக்காலியில், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் ஒரு நொடி. இருட்டில் ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது. விளக்கைப் போட்டு விரலில் பிடித்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றி, பிறகு அணைத்தோம். நான் ஷட்டரை அழுத்திக் கேமராவை ஒரே சீராக வலப்பக்கம் திருப்ப வேண்டும். முதல் நான்கு தடவை வெட்டி வெட்டித் திருப்பிவிட்டேன். ஐந்தாவது வந்தது.

கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளை அலை. மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.

அப்பா திரையில் ஸ்கேல் வைத்து எண்ணினார். ஐந்து மேடு. திரும்ப எடுத்தோம், ஐந்து. திரும்பவும் எடுத்தோம், ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது குட்டி தாத்தாவிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டாள், தலைகீழாகச் சொல்லச் சொல்லி. அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று எடுத்தேன். மேடுகள் அதே ஐந்து. உயரம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"யோசிச்சா பெருசாகுது" என்றார். குரலில் வருத்தம் இல்லை. அவர் அலுவலகத்திலிருந்து வந்து நீல அச்சுத்தாளை விரித்துவைத்துப் பேசுவாரே, அந்தக் குரல். எத்தனை வருஷமாயிற்று அதைக் கேட்டு.

பிறகு குட்டி மோதிரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடையது கோடு. நடுவில் ஒரே ஒரு நெளிவு, சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

மார்ச் 1 (60)

1838-ல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகெர் பாரிஸில் ஒரு தெருவை எடுத்தார். நல்ல நடமாட்டமுள்ள தெரு, ஆனால் படத்தில் ஆளே இல்லை. தகட்டில் பதிய நிமிடக்கணக்கில் வெளிச்சம் வேண்டியிருந்தது, அதற்குள் நடந்தவர்கள், வண்டிகள் எல்லாம் கரைந்து போயின. செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் மூலையில் இருக்கிறார். நகராதவர் பதிந்தார்.

அப்பாவிடம் சொன்னேன். "பாலிஷ் போட்டவன்?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். இருக்கிறார், ஆனால் கலைந்திருக்கிறார். கை வேலையில் இருந்திருக்கும்.

மார்ச் 2 (61)

ஒன்றும் சரியில்லை. அப்பா எழுந்திருக்கவே பத்து மணி. கேமராவைத் தொடவில்லை, ஃபோனில் எடுத்தேன்: மூடிய கதவு.

மார்ச் 3 (62)

பதினொரு நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டான், அதுவும் அப்பாவிடம். அலையைப் பற்றி அப்பா அரை மணி நேரம் விளக்கினார். நான் வெளியே நின்று கேட்டேன். கடைசியில் அண்ணன் என்னிடம், "முக்காலி என்னோடது பழசு. லூசா இருக்கும், திருகைப் பிடிச்சுக்கோ" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 6 (65)

காலையில் அறைக்குள் போனபோது மூன்றாவது பட்டனை அம்மா போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விலகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கையை மட்டும் எடு" என்றாள்.

எஃப் 4, 1/125, ஒரு ஸ்டாப் கூட்டி. மறக்கவில்லை. சட்டை வெள்ளையாக இருக்கிறது. அம்மாவின் நகத்தில் ஒரு வெடிப்பு, பட்டன் துளையில் பிரிந்த ஒரு நூல், இரண்டு கட்டைவிரல்கள். அப்பாவின் கை கீழே, படத்தின் ஓரத்தில், காற்றில். அதுவும் தெளிவு.

மார்ச் 9 (68)

குட்டி: "தாத்தாவோட அலை சரியாயிட்டா கோடாயிடுமா?"

மார்ச் 10 (69)

படம்: பதில் சொல்லாத என் முகம், கண்ணாடியில்.

மார்ச் 11 (70)

நாளைக்கு எடுத்துப் போக நான்கு படங்களை அச்சுப் போட்டோம். மடியில் இருக்கும் கை, 1/4. பட்டன். போன வருஷத்துப் பாக்கெட். அலை. எது முதலில் என்று அப்பாதான் வரிசை வைத்தார். பாக்கெட்டை முதலில் வைத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பின்னால் தேதியும் விவரமும் அவரே எழுதுகிறேன் என்றார். வலது கைதான், ஆட்டமே இல்லாத கை. அந்தக் கை எழுத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வரைபடத்தின் மூலையில் கட்டம் கட்டி எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்கும், ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

"பிப்ரவரி 27, ஒரு நொடி, ஐந்து மேடு" என்று எழுதினார். "பி" பெரிதாக இருக்கிறது. "நொடி"க்கு வரும்போது பாதி. கடைசி "மேடு" எறும்பு அளவு.

அவர் பார்க்கவில்லை. கவரில் போட்டுவிட்டார். எல்லாரும் படுத்த பிறகு எடுத்து ஜன்னலோரம் வைத்தேன், வெளிச்சம் போதவில்லை, மேஜை விளக்கை இழுத்து வைத்துக் குனிந்து எடுத்தேன். அதுதான் 70.

ஐந்தாவதாக இதையும் கவரில் வைப்பதா என்று தெரியவில்லை. அவரைக் கேட்க வேண்டும்.

மார்ச் 12

ஆறு மணி. அப்பா எழுந்துவிட்டார், சட்டையைத் தேடுகிறார்.