திருகாணி கழன்ற கண்ணாடிகள்

வருகிற பிப்ரவரியில் நான்காம் முறையாக இலங்கையின் மலையகத்துக்குப் போகிறேன். கிருஷ்ணகிரியில் எங்கள் சபையிலிருந்து ஐந்து பேர், பத்து நாள்கள், அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபை. விவரம் இவ்வளவுதான். "போன இடத்துக்கே எதற்கம்மா திரும்பத் திரும்ப? ஊழியம் என்றால் நேபாளம், கம்போடியா என்று புது இடங்களுக்கும் போகலாமே" என்று போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒருவர் கேட்டார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் 17 ஆண்டுகளாகக் கண் பரிசோதனை செய்கிறவள். 2018 மே மாதம் முதல் முறை போனபோது, ரெடிமேட் வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் 300 எடுத்துப் போனோம். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகிக் கிட்டத்தில் இருப்பது மங்கும். வேதாகமம் வாசிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் மட்டுமல்ல, ஈரிலையும் மொட்டுமாகப் பார்த்துக் கொழுந்து கிள்ளவும் அந்தக் கிட்டப் பார்வைதான் வேண்டும். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று அதே 2018-ல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதவர்களைவிடச் சுமார் 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது என்று அதில் கண்டிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்து, "முந்நூறு பேருக்குப் பார்வை கொடுத்துவிட்டு வந்தோம்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அந்த முதல் பயணத்தில் நாங்கள் செய்த பிழைகளில் சில அங்கேயே தெரிந்தன. பள்ளி விடுமுறை எங்களுக்கு மே மாதம் என்பதால் மே மாதத்தில் போய், தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கினோம். காலை பத்து மணிக்கு முகாம் என்று அறிவித்தோம்; அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள், முகாமுக்கு வந்தால் அன்றைய சம்பளம் போகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவற்றையெல்லாம் அங்குள்ள ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) முகம் சுளிக்காமல் சரிசெய்து, முகாமை மாலைக்கு மாற்றினார். எங்களுக்குப் படுக்கையும் சாப்பாடும் ஏற்பாடு செய்ய அவருடைய மனைவி எத்தனை வீடுகளில் பாயும் பாத்திரமும் கேட்டு வாங்கினார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பெரிய பிழை தெரிய ஐந்து ஆண்டுகள் ஆயின. 2019-ல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022-ன் எரிபொருள் வரிசைகள். 2023 பிப்ரவரியில்தான் மறுபடியும் போக முடிந்தது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு பாட்டி, முதல் முறை என்னிடம் கண்ணாடி வாங்கியவர், என்னை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டுச் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தார். "எந்த ஊரு புள்ள?" என்று கேட்டார். கிருஷ்ணகிரி என்றால் அவருக்குத் தெரியவில்லை; 1965 வரை எங்கள் ஊரும் சேலம் ஜில்லாதான் என்றதும், "எங்க தாத்தாவும் சேலம் ஜில்லாதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். பழைய சேலைத் துண்டில் சுற்றி நான் கொடுத்த கண்ணாடி இருந்தது. ஒரு பக்கக் காதுக்கம்பி கறுப்பு நூலால், பத்துப் பதினைந்து சுற்று, இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கம்பி மடங்காது, அப்படியே விறைத்து நின்றது. கட்டிய முடிச்சு கன்னத்தில் உரசிப் புண்ணானதால் போடுவதை விட்டுவிட்டாராம்.

கழன்று விழுந்தது 1.4 மில்லிமீட்டர் திருகாணி ஒன்று. எங்கள் கடையில் அதற்குக் காசு வாங்குவதே இல்லை. அங்கே அதை மாட்ட அட்டன் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காசும் ஒருநாள் சம்பளமும் போகும். 2021-ல் 1,000 இலங்கை ரூபாயாக நிர்ணயித்த அந்த நாள் சம்பளத்தை ஒரு திருகாணிக்காக யார் இழப்பார்கள்? அன்று மாலை, பழைய கண்ணாடி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். 41 கண்ணாடிகள் வந்தன. 26-ல் திருகாணி இல்லை அல்லது கம்பி தளர்ந்திருந்தது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டும்போது அது காதோரம் கம்பியை அழுத்தி அழுத்தித் தளர்த்துகிறது என்பதை, அவர்கள் கூடை மாட்டுவதை அருகில் நின்று பார்த்த பிறகே புரிந்துகொண்டேன்.

"ஐயர்கிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே பாட்டி" என்று கேட்டேன். "சும்மா கொடுத்தவங்ககிட்ட குறை சொல்லலாமா?" என்றார்.

ஒரே ஒருமுறை போய் வருகிறவர்களுக்கு இந்தக் குறை காதில் விழவே விழாது. நன்றியும் புகைப்படமும்தான் கிடைக்கும். 1998-ல் மிட்ச் சூறாவளி தாக்கிய ஹோண்டுராஸில், வட அமெரிக்கக் குழுக்கள் வந்து கட்டிக்கொடுத்த வீடுகளையும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, வீடு பெற்றவர்களின் வாழ்வில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. எங்கள் கணக்கும் சங்கடமானதுதான்: ஐந்து பேரின் விமானச் சீட்டுப் பணத்தில் எத்தனையோ கண்ணாடிகள் வாங்கி அனுப்பிவிடலாம். ஆனால் அனுப்பியிருந்தாலும் அவை பிஸ்கட் டின்னுக்குள்தான் போயிருக்கும்.

அமெரிக்க லுத்தரன் சபையான மிசௌரி சினாட் அனுப்பிய தியோடோர் நேத்தர் என்ற ஜெர்மானிய மிஷனரி 1895-ல் எங்கள் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கி, 1904-ல் இங்கேயே பிளேக் நோய்க்குப் பலியானார். பத்து நாள் போய்வருகிற எங்களை அவரோடு ஒரே பெயரால் அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுலும்கூட, வசனம் அறிவித்த பட்டணங்களுக்குத் திரும்பப் போய்ச் சகோதரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றுதான் உடனூழியர் பர்னபாவைக் கூப்பிட்டார். (யாரை உடன் அழைத்துப்போவது என்பதில் இருவரும் சண்டையிட்டுப் பிரிந்தது வேறு கதை; குழு சேர்க்கிறவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.)

2025-ல் மூன்றாம் முறை போனபோது கண்ணாடிகளைக் குறைத்துக்கொண்டு, சின்னத் திருப்புளிகள், இடுக்கி, திருகாணிகள், மூக்குத் தாங்கிகள், கழுத்துக் கயிறுகள், தமிழில் அச்சிட்ட வாசிப்பு அட்டை ஆகியவற்றை எடுத்துப் போனோம். ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம்பெண் ஒருத்தியை அருகில் உட்காரவைத்து ஆறு மாலைகள் பழக்கினேன். அட்டையை நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பவர் பார்ப்பது எப்படி. எந்தக் கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்கவே கூடாது. கண் சிவந்திருந்தாலோ புரை தெரிந்தாலோ சர்க்கரை இருந்தாலோ, சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் அரசு மருத்துவமனைக்கு எப்படி அனுப்புவது. முதல் நாள் அவள் கை நடுங்கித் திருகாணி மூன்று முறை சிமெண்டுத் தரையில் விழுந்தது. இருவரும் முட்டிபோட்டுத் தேடினோம். நான்காம் மாலை, பாட்டியின் கறுப்பு நூலை அவளே பிளேடால் அறுத்து, கம்பியைப் பொருத்தி, மடக்கிக் காட்டினாள்.

இந்த முறை எங்கள் குழுவில் பிரசங்கம் செய்கிறவர் யாரும் இல்லை. எந்த விசாவில் போகிறோம், அதில் என்ன செய்யலாம் என்று அங்குள்ள சபையாரே விசாரித்துச் சொன்னபடி நடக்கிறோம். என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் அந்தப் பெண் அனுப்பிய பட்டியல்: "அக்கா, இதுவரை 63 கண்ணாடி சரி செய்தாச்சு. பிளஸ் 1.50 நிறைய மிச்சம் இருக்கு, கொண்டுவர வேண்டாம். பிளஸ் 2.50 முடிந்துவிட்டது. திருகாணி போன தடவை கொடுத்ததைவிடக் கொஞ்சம் நீளமானது வேண்டும்."