மால் டெனன்ட் சர்வேல நம்ம மார்க்க நாமளே போடுறதுக்குள்ள பட்ட பாடு

மால்ல கடை வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் வருஷம் ஒருதடவை அந்த டெனன்ட் (வாடகைக்கு இருக்குறவங்க) சர்வே ஃபார்ம் வந்திருக்கும். சுத்தம், செக்யூரிட்டி, ஏசி, பார்க்கிங், மார்க்கெட்டிங், மால் ஆபீஸ் நம்மகிட்ட நடந்துக்கிற விதம்னு வரிசையா கேட்டு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடச் சொல்லுவாங்க. சென்னைல ஒரு மால்ல ரெண்டாவது மாடில குழந்தைங்க துணிக்கடை வெச்சிருக்கேன், மால் பேர் வேண்டாம், இன்னும் அங்கதான் யாவாரம் பண்ணிட்டிருக்கேன். இந்தத் தடவை என்னை ஒரு வார்த்தை கேக்காம என் கடை பேர்ல எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போயிருச்சு. அத மாத்துறதுக்குள்ள படாத பாடு பட்டுட்டேன், ஆனா மாத்திட்டேன், அதனால கொஞ்சம் வேலையும் நடந்துச்சு. மத்தவங்களுக்கு உபயோகப்படும்னு எழுதுறேன்.

நடந்தது என்னன்னா, சனிக்கிழமை சாயங்காலம் பில்லிங்ல கூட்டம் நிக்கிற நேரத்துல மால் ஆபீஸ்ல இருந்து ஒரு பையன் டேப்லெட்டோட வந்திருக்கான். நான் கடைல இல்ல. கேஷ்ல இருந்த பொண்ணுகிட்ட நீட்டி "அக்கா, ரெண்டே நிமிஷம், எல்லாத்துக்கும் அஞ்சு அமுக்கிருங்க, எங்க டீமுக்கு நல்லது"ன்னு சொல்லியிருக்கான். அவ பாவம், கஸ்டமர் காத்திட்டிருக்காங்க, மால் ஆளு கேக்குறாரு, அமுக்கிட்டா. அவமேல எனக்கு கோவமே இல்ல. வாடகை கட்டுறது நான், லைசென்ஸ் டீட்ல, அதாவது கடை ஒப்பந்தத்துல, கையெழுத்து போட்டது நான், மெயின்டனன்ஸ் பில் பாத்து வயிறு எரியுறது நான். மார்க் மட்டும் கடைல நிக்கிற சின்னப் பொண்ணுகிட்ட வாங்குனா அது எப்படி டெனன்ட்டோட கருத்து ஆகும்?

அவ ராத்திரி கடை மூடுறப்ப சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மாசம் எங்க பக்கத்து எஸ்கலேட்டர் மேல போறது ஓடல, மத்தியானம் கடைக்குள்ள 28, 29 டிகிரி, ட்ரயல் ரூம்ல குழந்தைங்க வேர்த்து அழுவுது, அம்மாங்க "அப்புறம் வர்றோம்"னு கிளம்பிடுறாங்க. இதுக்கு ஏசில அஞ்சு மார்க்!

மறுநாளே மால் ஆபீஸ் போனேன். அங்க இருந்த ஆபீசர் "சப்மிட் ஆயிருச்சு மேடம், எங்க கைல ஒண்ணும் இல்ல, சர்வே எடுக்குற ஏஜென்சிகிட்ட பேசுங்க"ன்னுட்டார். ஏஜென்சிக்கு ஃபோன் போட்டா "டெனன்ட் லிஸ்ட் மால்தான் குடுக்கும், அவங்க மெயில் பண்ணாதான் திருப்பி ஓப்பன் பண்ணுவோம்". இவங்க அவங்களக் கை காட்ட, அவங்க இவங்களக் கை காட்ட, நடுவுல நான். கடைசில ஏஜென்சில ஒரு அம்மா மனசு இறங்கி, அதரைஸ்டு சிக்னேட்டரி, அதாவது கடை சார்பா கையெழுத்து போடுறவங்க, லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வெச்சு நேர்ல குடுத்தா பழைய பதில கேன்சல் பண்ணி புது லிங்க் தர்றேன்னு சொன்னாங்க. கடைய விட்டுட்டு, வெயில்ல, டிராஃபிக்ல போய் நின்னா "உங்க பேரு லிஸ்ட்ல இருக்குற பேரோட மேட்ச் ஆகல".

ஏன் மேட்ச் ஆகலன்னு சொல்றேன், இது நிறைய பேருக்கு நடக்கும். கடை எடுத்தப்ப நாங்க பார்ட்னர்ஷிப், அப்புறம் எல்எல்பியா, அதாவது பொறுப்புக்கு வரம்பு இருக்குற பார்ட்னர்ஷிப்பா, மாத்துனோம். அதுக்கு மால் கூட ஒரு சப்ளிமென்ட்டரி அக்ரிமென்ட் போட்டு நாங்க கையெழுத்து போட்டு ரெண்டு செட்டும் அவங்ககிட்ட குடுத்துட்டோம், அவங்க சைடு கையெழுத்து போட்டு ஒரு செட் திருப்பித் தரணும். "லீகல்ல இருக்கு மேடம்", "மும்பை போயிருக்கு மேடம்"னு சொல்லிச் சொல்லியே வரவே இல்ல. பில் மட்டும் புதுப் பேர்ல கரெக்ட்டா வரும், ஏன்னா ஜிஎஸ்டி நம்பர் மாறிடுச்சு. சர்வே லிஸ்ட்ல பழைய பேரு. அந்தப் பேப்பர் இல்லாததால அன்னைக்கு போனது மொத்தமும் வேஸ்ட். அப்புறம் பழைய மெயில் எல்லாம் துழாவி அவங்க லீகல் ஆளு எப்பவோ அனுப்பின ஸ்கேன் காப்பி கெடச்சுது, அதுல ரெண்டு பக்க கையெழுத்தும் இருந்துச்சு. அதோட புதுப் பேர்ல வந்த மூணு மாச இன்வாய்சையும் சேத்து அனுப்புனதும் ஒரே நாள்ல லிங்க் வந்துச்சு. தயவுசெஞ்சு மால் கூட எந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டாலும் ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்ட காப்பி கைக்கு வர்ற வரைக்கும் மெயில்ல கேட்டுக்கிட்டே இருங்க, வாயால கேட்டா அதுக்கு சாட்சி கிடையாது.

இதுக்கு நடுவுல எங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர் கடைக்கு வந்து தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு மெதுவா "உங்க ரினியூவலும் வருதுல்ல மேடம்"னு ஒரு வார்த்தை விட்டுட்டுப் போனார். மிரட்டல்னு சொல்ல முடியாது, ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஃபிட்-அவுட்டுக்கு, அதாவது கடை உள்வேலைக்கு, போட்ட காசு இன்னும் எடுக்கல, டெபாசிட் அவங்ககிட்ட மாட்டியிருக்கு. தனியா இருந்திருந்தா விட்டுருப்பேனோ என்னவோ. பக்கத்து செருப்புக்கடை அண்ணன்கிட்ட சொன்னேன், அவர் "என் கடைலயும் இதே கதைதாம்மா"ன்னார். விசாரிச்சா எங்க வரிசைல நெறைய பேர் கடைல இப்படித்தான் பசங்க கைல அமுக்கி வாங்கியிருக்காங்க. எல்லாரும் சேந்து அதே லெட்டர எழுதுனோம். ஒருத்தர் குறைச்சு மார்க் போட்டா அவர்தான் தகராறு பார்ட்டி, வரிசையே குறைச்சு போட்டா அது மாலோட பிரச்சனை. இத விட முக்கியமான டிப்ஸ் எங்கிட்ட இல்ல.

இனி மார்க் போடுற விஷயம். சும்மா ஏசிக்கு ரெண்டுன்னு போட்டா "பெர்செப்ஷன்", அதாவது வெறும் உங்க நெனப்புன்னு ஒதுக்கிடுவாங்க. ஒவ்வொரு கேள்விக்கும் கீழ கமெண்ட் பாக்ஸ் இருக்கும், அதுல நம்பர் போடுங்க. 300 ரூபா தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி ட்ரயல் ரூம் பக்கத்துல மாட்டி, மத்தியானம் மூணு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவோம், தேதி நேரம் தானா பதிவாயிடும். ஹெல்ப்டெஸ்க் டிக்கெட் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சோம். இதுல ஒரு விஷயம் கவனிங்க, ஆளு வந்து பாத்துட்டு போனாலே டிக்கெட்ட "ரிசால்வ்டு"ன்னு மூடிடுறாங்க, அவங்க ரிப்போர்ட்ல எல்லாம் பச்சையா இருக்கும். மூடுன அன்னைக்கே அதே நம்பர குறிப்பிட்டு திருப்பி ஓப்பன் பண்ணுங்க.

எங்ககிட்ட "24 டிகிரிதான் மேடம் கவர்மென்ட் ரூலு"ன்னு ஒரு பதில் சொன்னாங்க. அந்த 24, ஸ்டார் லேபிள் போட்ட ரூம் ஏசி கம்பெனில இருந்து வர்றப்ப 24ல செட் ஆகி வரணும்னு 2020 ஜனவரில இருந்து இருக்குற விதி. மாலோட சென்ட்ரல் ஏசிக்கும் நம்ம கடைல 29 அடிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்படியே வெச்சுக்கிட்டாலும் 24 குடுங்கன்னுதானே நாங்களும் கேக்குறோம்!

ஃபுட்ஃபால், அதாவது எத்தன பேர் வந்தாங்கங்கிற கேள்விலதான் எனக்கு ரொம்ப வருத்தம். மால் வாசல்ல கேமரா கவுன்ட்டர் வெச்சு வாரக் கடைசில இவ்ளோ பேர் வந்தாங்கன்னு பெருமையா மெயில் போடுவாங்க. அதுல சினிமாவுக்கு வந்தவங்க பாதி, பேஸ்மென்ட் பார்க்கிங்ல இருந்து லிஃப்ட்ல நேரா தியேட்டர் மாடிக்குப் போய் அப்படியே இறங்கிப் போறவங்க, எங்க மாடில கால் வைக்க மாட்டாங்க. எஸ்கலேட்டர் ஓடாத நாள்ல கைக்குழந்தையோட யாரு படி ஏறுவா? அதனால மாடி வாரியா, வாசல் வாரியா கணக்கு கேட்டோம். நம்ம பில் போடுற பிஓஎஸ் மெஷின் அவங்க சிஸ்டத்தோட கனெக்ட் ஆகி தினமும் நம்ம விற்பனை அவங்களுக்குப் போகுது, மினிமம் கேரண்டி (குறைஞ்சபட்ச வாடகை), ரெவன்யூ ஷேர் (விற்பனைல ஒரு பங்கு), ரெண்டுல எது அதிகமோ அத வாங்குறாங்க, நம்ம ஒவ்வொரு பில்லும் அவங்களுக்குத் தெரியும். நம்ம மாடிக்கு எத்தன பேர் வந்தாங்கன்னு மட்டும் நமக்குத் தெரியக்கூடாதுன்னா எப்படி? மால் நல்லா நடக்குதான்னு முதலீட்டாளர் பாக்குறது எத்தன கடை நிரம்பியிருக்கு, சதுர அடிக்கு எவ்ளோ விற்பனைங்கிறதத்தான். 2023 மே மாசம் நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் பங்குச்சந்தைக்கு வந்து, நம்ம நாட்டுல மால்களுக்குன்னே முதல் ரீட், அதாவது கட்டடங்கள்ல முதலீடு பண்ற டிரஸ்ட், ஆனதுக்கு அப்புறம் இந்த நம்பர் எல்லாம் பேப்பர்லயே வருது. கடைக்காரன் பாக்குறது வேற: வாடகையும் மெயின்டனன்ஸும் மார்க்கெட்டிங்கும் எல்லாம் சேத்து என் விற்பனைல எத்தன பர்சன்ட். இந்தக் கேள்வி ஃபார்ம்ல எங்கயும் இல்ல. "வேறு கருத்து"ன்னு கடைசில இருக்குற பாக்ஸ்ல நாங்க எல்லாரும் இதத்தான் எழுதுனோம்.

அங்கயேதான் கேம் சார்ஜ் கணக்கும் கேட்டோம். அதாங்க, காமன் ஏரியா மெயின்டனன்ஸ், சதுர அடிக்கு இவ்ளோன்னு போட்டு அதுமேல 18% ஜிஎஸ்டியும் வாங்குறாங்களே அது. வருஷக் கடைசில "ட்ரூ-அப்", அதாவது ஆன செலவோட கணக்க சரிக்கட்டுறதுன்னு சொல்லி ஒரு பெரிய தொகை எக்ஸ்ட்ராவா வந்துச்சு, ஒரே வரில. எதுக்கு எவ்ளோன்னு கேட்டா "ஆடிட் ஆனது மேடம்"னு பதில். பிரிட்டன்ல ரிக்ஸ்னு சர்வேயர்கள் அமைப்பு இருக்கு, அவங்க 2019 ஏப்ரல்ல இருந்து அமலுக்கு கொண்டுவந்த சர்வீஸ் சார்ஜ் விதிகள்ல வருஷா வருஷம் பட்ஜெட்டும் முடிவுல செலவுக் கணக்கும் டெனன்ட்டுக்கு குடுக்கணும், ஆன செலவுக்கு மேல ஒரு காசு வாங்கக்கூடாதுன்னு இருக்கு. ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ்ல 1994லயே கடைக் குத்தகைக்குன்னு தனிச் சட்டம் போட்டு இந்தக் கணக்கு கேக்குற உரிமை குடுத்திருக்காங்க. அந்தச் சட்டம் இங்க செல்லாது, நமக்கு நம்ம டீட்ல என்ன எழுதியிருக்கோ அதுதான், ஆனா எந்தெந்தத் தலைப்புல கணக்கு கேக்கணும்னு ஒரு மாதிரி கெடச்சுது. எங்க டீட்லயும் "ஆக்சுவல்ஸ் அடிப்படையில்", அதாவது ஆன செலவுப்படின்னு ஒரு வரி இருந்துச்சு, அத அப்படியே காப்பி பண்ணி மெயில்ல போட்டோம்.

ஸ்டேட்மென்ட் வந்துச்சு. செருப்புக்கடை அண்ணன் அத வரி வரியா பாத்து ஒரு இடத்துல விரல வெச்சார். மொத்தச் செலவ எத்தன சதுர அடியால வகுத்திருக்காங்கன்னு பாருன்னார். உதாரணத்துக்கு மால்ல வாடகைக்கு விடுற இடம் மொத்தம் 4,00,000 சதுர அடி, அதுல 3,20,000தான் கடை இருக்கு, மீதி ஷட்டர் மூடிக் கெடக்குன்னு வெச்சுக்கங்க. 800 சதுர அடி கடைக்கு மொத்தத்தால வகுத்தா செலவுல 0.2% வரும், கடை இருக்குற இடத்தால மட்டும் வகுத்தா 0.25%. பாக்க சின்னதாத் தெரியும், ஆனா பில் நாலுல ஒரு பங்கு ஏறுது. காலியா கெடக்குற கடைக்கு ஆகுற செலவையும் யாவாரம் பண்றவன் தலைல கட்டியிருக்காங்க! எங்க டீட்ல "மொத்த லீசபிள் ஏரியா", அதாவது வாடகைக்கு விடுற மொத்த இடம்னு தெளிவா இருக்கு. அத காமிச்சதும் அக்கவுன்ட்ஸ் மேனேஜர் எதுவும் பேசல, "செக் பண்ணிட்டு சொல்றேன்"னார்.

ரிசல்ட் மீட்டிங்குக்கு எங்களைக் கூப்பிட்டாங்க, ஓனர் கம்பெனில இருந்தும் ஒருத்தர் வந்திருந்தார். எங்க வரிசை மார்க் மட்டும் தனியா விழுந்து கெடந்தது அவர் கண்ல பட்டிருக்கு. தெர்மாமீட்டர் ஃபோட்டோவ வரிசையா காட்டினோம், அவர் அங்கயே டெக்னிக்கல் ஆள கூப்பிட்டு கேட்டார். எங்க பக்கத்துக்கு குளிர்காத்து அனுப்புற ஏஎச்யூ மெஷின்ல பெல்ட் தேஞ்சு, காயில் கிளீன் பண்ணாம அடைச்சுக் கெடந்திருக்கு. அந்த வாரமே சரி பண்ணிட்டாங்க, இப்ப மத்தியானம் 25 தாண்டுறதில்ல. எஸ்கலேட்டரும் ஓடுது. கேம் வித்தியாசத்துக்கு கிரெடிட் நோட் வந்துச்சு, ஜிஎஸ்டியோட சேத்து. கிரெடிட் நோட் வாங்குறவங்க அதுல இருக்குற ஜிஎஸ்டி அளவுக்கு, ஏற்கனவே எடுத்த இன்புட் கிரெடிட்ட ரிவர்ஸ் பண்ணச் சொல்லி ஆடிட்டர்கிட்ட உடனே சொல்லிடுங்க. கேஷ்ல இருக்குற பொண்ணு ட்ரயல் ரூம்ல ஃபேன் எடுத்துட்டு இப்ப அங்க ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கா, அம்மாங்க உக்காந்து நிதானமா ரெண்டு மூணு டிரஸ் போட்டுப் பாக்குறாங்க, அது எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு சொல்ல வார்த்தை இல்ல.

ரினியூவல் பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு, சர்வேய யாரும் அதுல இழுக்கல. புது டீட்ல சர்வே லிங்க் கையெழுத்து போட்டவங்க மெயிலுக்கு மட்டும்தான் வரணும், மாடி வாரி ஃபுட்ஃபால் மாசாமாசம் தரணும்னு ரெண்டு வரி சேக்கச் சொல்லியிருக்கோம், முதலாவதுக்கு சரின்னுட்டாங்க. மார்க்கெட்டிங் ஃபண்ட் கணக்கு மட்டும் இன்னும் தரல. ஏட்ரியம்ல, அதான் மால் நடு ஹால்ல, எந்த ஈவென்ட்டுக்கு எவ்ளோ போச்சு, ஸ்பான்சர்கிட்ட வாங்குனத கழிச்சாங்களான்னு கேட்டிருக்கோம். உங்க மால்ல இந்தக் கணக்கு வாங்குனவங்க இருந்தா எந்த ஃபார்மட்ல குடுத்தாங்கன்னு சொல்லுங்க, அதையே காட்டி நாங்களும் கேக்குறோம்.