முந்திரிக் கொல்லையில் பயோசார்: கரியைச் சுட்டோம், காகிதம் எங்களைச் சுட்டது

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருக்கிறீர்களா? பயோசார், அதாவது கழியைச் சுட்டு மண்ணில் புதைக்கும் கரி போட்டு, அப்படி மண்ணில் தங்கும் கார்பனுக்குக் காசு தரும் கார்பன் கிரெடிட் திட்டத்தில் சேரும் யோசனை இருந்தால், குழி வெட்டுவதற்கு முன்னால் பட்டாவை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். அவர் போய்ச் சேர்ந்தது 2011-ல் அடித்த ‘தானே’ புயலுக்கும் முன்னால். அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், ஓர் அத்தை. எந்த மரம் யாருக்கு என்று வாயால் பிரித்துக்கொண்டதோடு சரி.

ஊரில் கூட்டம் போட்ட திட்டத்து ஆள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஆதார், பேங்க் பாஸ்புக் ரெண்டும் போதும் மேடம், மீதிய ஆப் பாத்துக்கும்” என்றார். கரி சுட்டு, அளந்து, போட்டோ ஏற்றி முடித்த பிறகு போனுக்கு ஒரு மெசேஜ் வருகிறது: நில உரிமை ஆவணம் பொருந்தவில்லை, எல்லா உரிமையாளரின் சம்மதமும் தேவை.

வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றிவிடலாம் என்று இ-சேவை மையத்தில் மனு போட்டோம். திரும்பி வந்தது. காரணம் கேட்கப் போன ஆபீசில் கிளார்க் அத்தையின் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தையைக் கட்டிக்கொடுத்தது வில்லியனூரில். “பாண்டிச்சேரி அட்ரஸா இருக்குதே? அங்க ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க.” என்ன சான்று என்று கேட்டால், “அவங்களுக்குத் தெரியும்.” முட்டிவலிக்காரி அத்தையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அங்கே போனால், “நெலம் தமிழ்நாட்டுல, எறந்தவரு தமிழ்நாட்டுல. நாங்க எதுக்குமா சர்டிபிகேட் குடுக்கணும்?” என்று சிரித்தார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. இறந்தவர் குடியிருந்த தாலுகாவின் தாசில்தார் தருவதுதான் வாரிசுச் சான்று. வாரிசு எந்த மாநிலத்தில் குடியிருந்தால் என்ன? வாய்மொழியாக யாராவது அலையவிட்டால், கேட்பதை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள்.

கடைசியில் எங்களுக்கு வேலை செய்தது வேறு வழி. திட்டத்தின் தலைமை ஆபீசுக்கு நானே நேராக மெயில் போட்டேன். பட்டா மாறும் வரைக்கும், முத்திரைத்தாளில் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு இருந்தால் ஏற்பதாக பதில் வந்தது. இதை முதல் நாளே அந்த ஆள் சொல்லியிருக்கலாம். அவருக்கே தெரியாது என்பது பிறகு தெரிந்தது. சின்ன சித்தப்பா மட்டும் கையெழுத்துக்குக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். “கரிக்கு எவனாவது காசு குடுப்பானா? என்னமோ எழுதி வாங்கப் பாக்குறாங்க, பாத்துக்க புள்ள.” அவருடைய அந்தச் சந்தேகம் பாதி சரி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி கொல்லை வேலை. அறுவடை முடிந்து கவாத்து பண்ணிய முந்திரிக் கழி, காய்ந்த கொம்பு, பக்கத்துக் கொல்லையிலிருந்து கொஞ்சம் சவுக்கு மிளாறு. மேலே ஐந்தடி, அடியில் இரண்டடிக்குச் சற்று கூட, மூன்றடி ஆழத்தில் கூம்பாக ஒரு குழி. மேலே தீ வைத்து, பரப்பில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கும்போதெல்லாம் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். 2014-ல் சுவிட்சர்லாந்தில் வடிவமைத்த கோன்-டிக்கி உலையைத்தான் மண்ணில் வெட்டிக்கொள்கிறோம். நம் ஊர்க் கரிமூட்டத்தில் மண் பூசி மூச்சடைத்துச் சுடுவதால் புகை வெளியே போகும், அதோடு மீத்தேனும் போகும். இதில் மேலே நிற்கும் சுவாலை புகையை எரித்துவிடும். கார்பன் கணக்குக்காரர்கள் மூட்டத்தை ஒதுக்கிவிட்டு இதைக் கேட்பது அதனால்தான். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே. ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும்.

முந்திரி ஓட்டைக் குழியில் போடாதீர்கள். கொட்டை உடைக்கும் இடங்களிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவரலாமே என்று தோன்றும். அதில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகை கண்ணைப் பிடுங்கும். திறந்த குழிக்கு அது ஆகாது.

தீ வளர்ப்பதெல்லாம் லேசாகப் போனது. வேதனை அணைக்கும்போதுதான். குழி நிரம்பி, கடைசி அடுக்கும் கரியாகி, இனி தண்ணீர் விட வேண்டும் என்ற நேரம் பார்த்து மும்முனைக் கரண்ட் போய்விட்டது. அட்டவணைப்படி இன்னும் நேரம் இருந்தது, இருந்து என்ன செய்ய? அணைக்கத் தாமதமானால் கரி சாம்பலாகிவிடும். ஒரு பகல் உழைப்பும் வெள்ளைப் பொடி. வேலைக்கு வந்திருந்த பெரியவர் பதறவே இல்லை. “தண்ணி இல்லன்னா மண்ணு இல்லியாம்மா?” என்று மண்வெட்டியை எடுத்தார். ஓரத்தில் குவித்திருந்த மண்ணை எல்லாரும் வாரிப் போட்டு மூடினோம். பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்தடிக்கும் டேங்கில் தண்ணீர் கொண்டுவந்து மேலே தெளித்தார். கரி தப்பியது, ஆனால் மண் கலந்துவிட்டதால் அந்தக் குழியின் அளவை ஆப் ஏற்கவில்லை. அடுத்த குழியிலிருந்து, டிரம்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்த பிறகுதான் தீக்குச்சியைத் தொட்டோம்.

ஆப் பற்றியும் சொல்ல வேண்டும். தீ மூட்டும்போது, அணைக்கும் முன், அணைத்த பின், டிரம்மில் அளக்கும்போது, மண்ணில் போடும்போது என்று ஒவ்வொன்றுக்கும் இடக்குறியோடு போட்டோ கேட்கும். எங்கள் கொல்லையில் டவர் கிடைப்பது மோட்டார் கொட்டகைப் பக்கம் மட்டும்தான். போட்டோவை அங்கே போய் ஏற்றினால் இடம் மாறுகிறது என்று தள்ளிவிடும். போனில் லொகேஷனை முன்னமே போட்டு வைத்து, குழிப் பக்கத்திலேயே எடுத்துச் சேமித்து, பிறகு ஏற்றினால் ஏற்கிறது. இதைச் சொல்லித் தந்தது ஆப்காரர்கள் இல்லை, பன்னிரண்டாவது படிக்கும் என் சித்தப்பா மகன்.

மண் பரிசோதனைக்குப் போனபோது கூடவே ஒரு பை கரியும் எடுத்துப் போயிருந்தேன், திட்டத்து ஆள் சொன்னார் என்று. கவுண்டரில் இருந்தவர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இத இஸ்திரிக் கடைல குடுங்கம்மா” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மண்ணுக்கு அங்கே பி.எச், உப்பின் அளவு, தழை மணி சாம்பல் சத்து எல்லாம் பார்ப்பார்கள். கரிக்குப் பார்க்க வேண்டியது வேறு. அதிலுள்ள கரிமத்துக்கு (கார்பன்) ஹைட்ரஜன் எவ்வளவு என்ற விகிதம், அணுக்களின் எண்ணிக்கைக் கணக்கில், 0.7-க்குக் கீழே இருக்க வேண்டும். குறையக் குறைய மண்ணில் நீண்ட காலம் தங்கும். அதற்கான கருவி சாதாரண மண் பரிசோதனை நிலையத்தில் கிடையாது. அந்தச் செலவும் அலைச்சலும் திட்டம் நடத்துபவருடையது. நம் தலையில் கட்டப் பார்த்தால் விடாதீர்கள்.

எங்கள் செம்மண்ணுக்கு பி.எச் 5.4 என்று வந்தது. கரி காரத்தன்மை உள்ளது, ஆகையால் புளிப்பு மண்ணுக்கு அது நல்லது. கடலோர உவர் நிலத்துக்காரர்கள் மண்ணைப் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

பச்சைக் கரியை அப்படியே மண்ணில் போட்டால் அது சுற்றியிருக்கிற தழைச்சத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். பக்கத்து ஊரில் ஒருவர் மல்லாட்டைக்கு அப்படிப் போட்டு, பயிர் மஞ்சளாகி, “கரி போட்டா வெளங்காது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் மாட்டு மூத்திரமும் சாணிக் கரைசலும் ஊற்றி, மக்கிய எருவோடு கலந்து, கோணி போட்டு மூடி, மூன்று வாரம் ஊறவிட்டோம். ஐப்பசி மழைக்கு முன்னால் மரத்தின் நிழல் விழும் விளிம்பில் வட்டமாகக் காவா எடுத்து, மரத்துக்குப் பத்து கிலோ போட்டு மூடினோம். ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் நட்ட கொல்லையில் ஏக்கருக்கு எண்பது மரம் என்றால் எண்ணூறு கிலோ. மழைவிட்டுத் தோண்டிப் பார்த்தபோது கரி போட்ட வட்டத்தில் மண் பொலபொலவென்று இருந்தது, வெள்ளை வேர் கரியைச் சுற்றி ஓடியிருந்தது. காய்ப்பைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு பருவம் போதாது.

சித்தப்பாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் “ஒரு குழிக்கு ஒரு கிரெடிட்” என்றார் அந்த ஆள். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. எங்கள் குழியில் கிடைப்பது மூன்று டிரம், 600 லிட்டர். காய்ந்த கணக்கில் அது 120 கிலோ வரும். அதில் முக்கால் பங்கு கரிமம், 90 கிலோ. 12 கிலோ கரிமம் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், அதனால் அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 330 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக ஒரு கிரெடிட்டுக்கு மூன்று குழிக்கு மேல் சுட வேண்டும். மீத்தேன், போக்குவரத்து என்று அவர்கள் கழிப்பது தனி. ஆய்வுக்கு வந்த பெண்ணிடம் இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். “சரிதாங்க அக்கா, உங்ககிட்ட தப்பா சொல்லியிருக்காங்க” என்று ஒப்புக்கொண்டார். அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். வெட்டியது கவாத்துக் கழிதானா, இதற்கென்று மரத்தைச் சாய்த்தோமா என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். கரியை டீக்கடைக்கு விற்கவில்லை என்பதற்குக் காவாயைக் கிளறச் சொன்னார். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

முதல் தவணை அப்பா கணக்கில் ஏறியிருக்கிறது. கூலியை அது மூடவில்லை; எருச் செலவில் மிச்சமாவதைச் சேர்த்தால் கையைக் கடிக்காது. கிரெடிட் வராவிட்டாலும் கவாத்துக் கழியை இனி சும்மா கொளுத்தப் போவதில்லை. ஆனால் ஒப்பந்தம் இங்கிலீஷில் இருக்கிறது, இந்தக் கரியின் கார்பன் உரிமை முழுவதும் அவர்களுக்கு என்ற வரி அதில் இருக்கிறது, எத்தனை வருஷத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்பது தெளிவாக இல்லை. தமிழ் நகல் கேட்டு எழுதியிருக்கிறேன். அது வரும் வரைக்கும் அடுத்த பருவத்துக்கு வீட்டில் யாரும் கையெழுத்துப் போடுவதாக இல்லை. சின்ன சித்தப்பா பேனாவையே ஒளித்து வைத்துவிட்டார்.